தூதர் வேடம்

லண்டன்,
11 பிப்ரவரி 1973

அன்புள்ள டெனிஸ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தேன். நம் விடுதிக்கார மிஸஸ் ஆஷ்வொர்த் கட்டிக்கொடுத்த ரொட்டியை பிரெஸ்டன் வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு, சந்தோஷப்படுவார்.

ஒத்திகை ஒரு தேவாலயக் கூடத்தில் நடக்கிறது. தரையில் வண்ண டேப் ஒட்டி, இது விண்கலம், இது சிறை என்கிறார்கள். டைரக்டர் கென்யன் வேடிக்கையான ஆள். நான் டேப்பைத் தாண்டிக் கால் வைத்தேன். "அம்மா, இப்ப செத்துட்டீங்க. அந்தப் பக்கம் காத்து இல்ல," என்றார்.

குழந்தைகள் பார்க்கும் விண்வெளித் தொடர்தானே என்று நீ சிரித்தாய். கதையைக் கேட்டால் சிரிக்க மாட்டாய். இரண்டு கிரகங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சண்டை போடுகின்றன. என் கிரகம் என்னை, இசெல் என்ற பெண்ணை, சமாதானம் பேச ரகசியத் தூதராக அனுப்புகிறது. போர்க்கைதி வேடத்தில் எதிரியின் முகாமுக்குள் போகிறேன். நான் யார் என்பது எதிரித் தளபதி மோர்வக் ஒருவருக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் இரண்டு பக்கமும் எங்களைக் கொன்றுவிடும். முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் உனக்கும் சொல்ல மாட்டேன்.

மோர்வக்காக நடிப்பவர் ரால்ஃப் ஆட்லி. ரால்ஃபின் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. முதல் நாள் நான் வசனத்தில் தடுமாறினேன், ரால்ஃப்தான் எடுத்துக்கொடுத்தார். இடைவேளையில் ரால்ஃப் சொல்லும் கதைகளைக் கேட்டுச் சிரித்தே எனக்கு விலா வலிக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
நெஸ்டா

மோர்கம்,
15 பிப்ரவரி

அன்புள்ள நெஸ்டா,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். ரால்ஃப் என்ற பெயர் ஒரே பத்தியில் நாலைந்து இடத்தில் வருகிறது. என் பெயர் ஒரே இடத்தில், அதுவும் 'அன்புள்ள'வுக்குப் பக்கத்தில். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

இங்கே இந்த வாரம் துப்பறியும் நாடகம். நான் இன்ஸ்பெக்டர். மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் பார்வையாளர்கள். மூன்றாம் அங்கத்தில் நான் கொலைகாரனைச் சுட்டிக்காட்டும்போது முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். உன் இடத்தில் பாலின் நடிக்கிறாள். சின்னப் பெண். மோசமில்லை, நன்றாகவே செய்கிறாள். என் வசனங்களை நான் சொல்வதற்கு முன்பே ரசிக்கிறாள்.

ஈஸ்டர் நாடகத்தில் உனக்கு ஒரு வேடம் வைத்திருக்கிறார் மேனேஜர். தேநீர்த் தட்டு எடுத்து வரும் வேலைக்காரி. சின்ன வேடந்தான், ஆனாலும் நாம் ஒரே மேடையில் இருப்போம். நாலு வாரத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் போனாய், நினைவிருக்கட்டும்.

உனக்கு விலா வலிக்க வைத்த அந்தக் கதைகளில் ஒன்றிரண்டை எனக்கும் எழுதலாமே. நானும் சிரித்து நாளாகிறது.

உன்
டெனிஸ்

டோர்செட், படப்பிடிப்பு முகாம்,
20 பிப்ரவரி

அன்புள்ள டெனிஸ், டெனிஸ், டெனிஸ்,

போதுமா?

வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஒரு கல்குவாரிக்கு வந்திருக்கிறோம். இதுதான் எதிரிக் கிரகம். காற்றும் மழையும் மோர்கத்தையே தோற்கடிக்கும். வெள்ளிச் சாயம் பூசிய மெல்லிய துணியில் நான் நடுங்க, கென்யன் கம்பளிக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, "இந்தக் கிரகத்துல வெயில் ஜாஸ்தி, ஞாபகம் வெச்சுக்குங்க," என்கிறார்.

ரால்ஃப் பாடு இன்னும் மோசம். பச்சை ரப்பர் முகமூடியை விடியற்காலையில் பசை போட்டு ஒட்டினால் இருட்டின பிறகுதான் கழற்றுகிறார்கள். வாய் விரல் அளவுக்குத்தான் திறக்கும். கையில் மூன்று விரல் உறை. மதியம் நான்தான் குவளையைப் பிடித்துக் குழாய் வழியே சூப் கொடுக்கிறேன். கண்ணுக்கு விட்டிருக்கும் ஓட்டையில் பாதிதான் தெரியும் என்பதால், நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

பாலின் உன் வசனங்களை ரசிப்பது நல்லதுதான். யாராவது ரசிக்க வேண்டும் அல்லவா.

உன்
நெஸ்டா

மோர்கம்,
22 பிப்ரவரி

நெஸ்டா,

தோளைப் பிடித்துக்கொள்கிறார். சரி.

அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் அவருக்குச் சூப் ஊட்ட உன்னை விட்டால் ஆள் இல்லையா? ஒப்பனைப் பெண்கள் இல்லையா? எனக்குப் போன வருடம் காய்ச்சல் வந்தபோது கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு ஒத்திகைக்கு ஓடினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

தெருவில் இறங்க முடியவில்லை. மீன்கடைக்காரர், "உங்க வீட்டம்மா டிவில வர்றாங்களாமே? நீங்க எப்ப சார்?" என்கிறார். பதினைந்து வருடமாக இந்த ஊரில் கதாநாயகனாக நடிக்கிறேன். ஒருநாள்கூட அவர் எனக்கு மீனைச் சுத்தம் பண்ணிக் கொடுத்ததில்லை. நேற்று உன் பெயரைச் சொல்லிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார்.

அந்த மனிதர் உன்னிடம் எப்படிப் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று நீ எழுதுவதில்லை. நானும் கேட்கவில்லை.

டெனிஸ்

டோர்செட்,
26 பிப்ரவரி

டெனிஸ்,

நேற்று நடந்ததை ஊர் திரும்பும் ரயிலில் உனக்குச் சாதகமாக மாற்றி யோசித்திருப்பாய். நான் பார்த்ததை ஒருமுறை கேள்.

சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிந்து ரயில் பிடித்திருக்கிறாய். சொல்லாமல் வந்தாய். காவலுக்கு இருந்தவரிடம் மின்சார வேலைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறாய். நான் சூப் குவளையோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். ரால்ஃபின் கை என் தோளில் இருந்தது. நீ நேராக வந்து அந்த முகமூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். பசையோடு தோலும் பிய்ந்து வந்தது.

உள்ளே இருந்தவரைப் பார்த்தாய். எழுபதை எட்டப்போகிற மனிதர். நரைமுடி தலையோடு ஒட்டி, நெற்றியில் ரத்தம். அவர் உன்னைப் பார்த்து என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "பரவால்லப்பா. காலையிலேர்ந்து மூக்கு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்பதான் சொறிய முடியுது."

அதுவரை நடந்ததை நான் மன்னித்திருப்பேன். கணவன், பொறாமையில் புத்தி கெட்டுவிட்டது என்று எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். ஆனால் கென்யன் ஓடி வந்து, "யாருய்யா நீ? யாரு இந்த ஆளு?" என்று கத்தினார். நீ என்ன பதில் சொன்னாய்?

"நான் ஒரு நடிகன் சார். டெனிஸ் கால்வர்ட். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு லெட்டர் போட்டேன், போட்டோ வெச்சு. நீங்க பதிலே போடல."

இவளுடைய கணவன் என்று நீ சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் அந்தக் கேள்விக்கு உன் வாயில் முதலில் வந்தது அதுதான்.

ஒரு நாள் படப்பிடிப்பு போயிற்று. ரால்ஃப் போலீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நெஸ்டா

மோர்கம்,
1 மார்ச்

அன்புள்ள நெஸ்டா,

ஆட்லிக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். உன்னிடமும் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று. 'வயதானவர்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அந்த ரயிலில் ஏறியிருக்கவே மாட்டேன். ஏன் எழுதவில்லை? நான் இங்கே வெந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியாமலா இருந்தது?

கென்யனிடம் சொன்னதைப் பற்றி: பதற்றத்தில் வாய் எதையோ உளறியது. அதில் அர்த்தம் தேடாதே.

ஈஸ்டர் ஒத்திகை ஏப்ரல் மத்தியில் தொடங்குகிறது. வந்துவிடு. எல்லாம் சரியாகிவிடும்.

உன்
டெனிஸ்

லண்டன்,
25 மார்ச்

அன்புள்ள டெனிஸ்,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீ கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம்தான். தீர்க்க மனமில்லை. நீ பொறாமைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. மேடையில் எனக்கு எதிரே நிற்கும்போதுகூட நீ என்னைப் பார்த்து வருடக்கணக்காகிறது. கடிதத்தில் பார்த்தாய். எவனோ பச்சை முகத்தவன் என் தோளைத் தொட்டதும் நான் உன் கண்ணில் பட்டேன். அந்தச் சுகத்தை நீட்டிக்கொண்டேன். அது என் தப்பு. ரால்ஃபின் நெற்றிக்காயத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீ வெந்தது ரால்ஃபை நினைத்து இல்லை, டெனிஸ். குவாரியில் அது தெரிந்துவிட்டது. உன் பொறாமை என்மேல்.

தொடர் அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது, நாலு வாரம். இசெலை இன்னும் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ள டிவி நிலையத்தில் கேட்கிறார்கள். பதில் சொல்லவில்லை. நீ பார். பார்த்துவிட்டு நான் எப்படிச் செய்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. என் நடிப்பை இங்கே எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் எல்லோரையும் பாராட்டுகிறவர்கள். நீ சொன்னால் நம்புவேன். நன்றாக இல்லை என்றாலும் எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

உன்
நெஸ்டா

மோர்கம்,
8 ஏப்ரல்

அன்புள்ள நெஸ்டா,

இரண்டு வாரமும் மிஸஸ் ஆஷ்வொர்த் வீட்டுக் கூடத்தில் பார்த்தோம். தங்கியிருக்கும் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாற்காலி போதாமல் நான் நின்றுகொண்டு பார்த்தேன்.

சிறைக்கதவு அட்டை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. நீ சாத்தும்போது சுவரே ஆடியது. விண்கலத்து ஒலி நம் குளியலறைக் குழாய் போல இருக்கிறது. உன் தலையலங்காரம் முன்பக்கம் கொஞ்சம் தூக்கல். ஆட்லியின் குரலைப் பற்றி நீ சொன்னது சரி. ஒளியமைப்பு சில இடங்களில் பரவாயில்லை.

இங்கே பாலினுக்குச் சளி. வேலைக்காரி வேடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை, உனக்காகக் காத்திருக்கிறார்கள். கடல் நேற்று நடைபாதை வரை வந்தது.

உன்
டெனிஸ்

லண்டன்,
13 ஏப்ரல்

டெனிஸ்,

உன் கடிதத்தில் அந்த வரியைத் தேடினேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இன்று காலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கேயே ஹாமர்ஸ்மித்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். வேலைக்காரி வேடத்துக்கு வேறு யாரையாவது போடச் சொல். நான் ஈஸ்டருக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வருவேன் என்று எழுதினால் அது பொய்.

உன்மேல் கோபம் இல்லை. நம்பு.

நெஸ்டா

மோர்கம்,
22 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள நெஸ்டா,

நேற்று கடைசிப் பகுதி பார்த்தேன்.

சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. இசெல் வீடு திரும்புகிறாள். ரகசியத் தூது போனவள் என்று யாருக்கும் தெரியாது, எதிரியிடம் விலைபோனவள் என்றே ஊர் நினைக்கிறது. அவள் தம்பி ஊர்முன்னால் நின்று "துரோகி" என்கிறான். அவள் உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம், ஆனால் சமாதானம் உடைந்துபோகும். கூடத்தில் மிஸஸ் ஆஷ்வொர்த் டிவியைப் பார்த்து, "சொல்லித் தொலையேண்டி. வாயத் திறந்து சொல்லேண்டி," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நான் அழுதிருப்பேன். நல்ல வெளிச்சம் பார்த்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அழுதிருப்பேன். நீ அந்தத் தம்பியின் சட்டைக் காலரைப் பார்த்தாய். ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அதைச் சரிசெய்ய உன் கை எழுந்தது. பாதியில் நின்றது. கையை இறக்கிக்கொண்டு நடந்துவிட்டாய். அவ்வளவுதான்.

அதைக் கென்யன் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். எழுதிக்கொடுத்த காகிதத்திலும் இருந்திருக்காது. அது உனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியிருக்காது, நெஸ்டா. இன்னும் பதினைந்து வருடம் நடித்தாலும் தோன்றாது. இதை முதல் வாரமே உணர்ந்தேன். அதனால்தான் கதவைப் பற்றியும் குழாயைப் பற்றியும் எழுதினேன்.

நீ கேட்ட வரி இதுதான்: நான் பார்த்த நடிப்பிலேயே அது சிறந்தது.

எல்லோரும் எழுந்து போன பிறகு மிஸஸ் ஆஷ்வொர்த் என்னிடம், "அவ இனிமே இங்க வரமாட்டா, இல்ல கண்ணு?" என்றார். "வரமாட்டாம்மா," என்றேன். அவர் போய் உன் துணிகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை தபால் நிலையம் திறந்ததும் அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதும்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அதனால் பதில் எழுதாதே. எழுதினால் நான் மறுபடி ஏதாவது கேட்பேன்.

அன்புடன்
டெனிஸ் கால்வர்ட்