குழாயில் தெளிவாக இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளிடம் அப்படி எழுத உனக்குத் துணிச்சல்தான்.

கொழுப்பு மாத்திரையை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறதாம். மாடியிலிருந்து இறங்கி வந்து உன் மனைவி சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணி" என்றும் கேட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என் மேல் காட்டு, அவள் மேல் வேண்டாம்.

காரணத்தைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். போன விடுமுறையில் உன் ரத்தத்தை மெஷினில் சுழற்றி, சிவப்பு அடியில் தங்கிய கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் வைத்திருந்தேன். பக்கத்தில் பேக்கரிக்காரரின் குழாய், பால் ஊற்றியது போல வெள்ளையாக. உன்னுடையது தெளிந்த மஞ்சள். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லக்கா, சுத்தமா இருக்கு" என்றாய். கப்பல் இன்ஜினில் எண்ணெயின் நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவன், ரத்தத்துக்கும் சொல்லிவிட்டாய். மேதாவி. நூறுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு, அதுதான் எல்.டி.எல்., அன்றைக்கு மாத்திரை போட்டும் உனக்கு நூற்றெழுபது. டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னார். நீ மொத்தமாக நிறுத்தினாய்.

கொழுப்பு ரத்தத்தில் தானாகக் கரையாது. புரதம்தான் அதைச் சுற்றிப் பொதிந்து சுமந்துகொண்டு போகிறது. சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமக்கிற பொதிகள் பெரியவை, ரத்தத்தைக் கலக்கிக் காட்டிவிடும். எல்.டி.எல். பொடிப் பொதி. எத்தனை கோடி மிதந்தாலும் குழாய் தெளிவாகத்தான் இருக்கும். கல்லீரல் அதை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக் கல்லீரல் அதில் பிறவிச் சோம்பேறி. அப்பா எவ்வளவு ஒல்லி, எண்ணெய்ப் பண்டத்தைத் தொட்டதுண்டா? நாற்பத்து மூன்று வயதில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உனக்கு இப்போது நாற்பத்திரண்டு.

அந்த வெள்ளைக் குழாயைக் காட்டி "பாரு, இதுதான் கொழுப்பு" என்று உன்னிடம் பெருமையடித்தது நான்தான். அரைகுறையாகச் சொன்னேன். அதற்கு என்னையும் திட்டிக்கொண்டேன், உன்னைவிடக் கொஞ்சம் குறைவாக.

மாடிக் குழாயை பிளம்பர் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டான். உன் மனைவிக்கு முதுகுவலி தேவலை.

சனிக்கிழமை உன் மகளுக்கும் ரத்தம் எடுத்தேன். ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. குச்சி மாதிரி இருக்கிற பத்து வயதுக் குழந்தைக்கு எல்.டி.எல். இருநூற்று நாற்பது. நம்பாமல் இரண்டாம் தடவையும் மெஷினில் போட்டேன். அதே எண். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

நேற்று முதல் மாத்திரை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அப்பாவும் இதத்தான் போடுறாங்களா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம், தினமும் போடுகிறான் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் விழுங்கினாள்.

நான் அந்தக் குழந்தையிடம் சொன்ன முதல் பொய் அது. கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் அதை உண்மையாக்கிவிடு. தலை நரைத்து, பல் கொட்டி, என்னிடம் வசவு வாங்கிக்கொண்டு வெகுகாலம் இருடா.

இப்படிக்கு,
உன் அக்கா