லிஃப்ட்: உண்டு

என் செல்ல அண்ணனுக்கு,

உங்க ஸ்கூலோட மொத்தக் கணக்கும் நெட்ல வந்துடுச்சுண்ணா, இனிமே யார் வேணாலும் பாக்கலாம்!!!

மெசேஜ் அனுப்பினா நீ திறக்கறதே இல்ல. அதான் பேப்பர்ல எழுதி மாமாகிட்ட குடுத்து விடறேன். அவர் வீட்லயே இன்னும் எத்தனை நாள்தான் இருப்பே?

‘மாற்றுத்திறனாளிகள் உயர்நிலைப் பள்ளி’ன்னு மேல பெருசா போட்டு, கீழ எத்தனை பசங்க, எத்தனை டீச்சர்னு எல்லாம் இருக்கு. ‘லிஃப்ட்: உண்டு’ன்னும் இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உடனே நின்னும் போச்சு. உண்டுதான், வருஷம் பூரா பூட்டோட! லேபுக்குப் போக உன்னை வீல்சேரோட நாலு பசங்க மூணு மாடி தூக்கினதும், பாதிப் படியில கை நழுவினதும், "நான் என்ன மூட்டையாடா?"ன்னு நீ கத்தினதும் அதுல எங்கயுமே இல்ல.

‘பாதியில் நின்றவர்: 1. காரணம்: சொந்த விருப்பம்.’ பேரு போடல. அம்மா அந்த ஒண்ணு மேல விரல் வெச்சாங்க. ஸ்க்ரீன்ல எழுத்து பெருசாகி அது மட்டும் தெரிஞ்சுது. "இவன் விருப்பமாம்டி"ன்னாங்க. அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல.

தப்பு இருந்தா சொல்ல அதுலயே ஒரு இடம் இருக்கு. ‘லிஃப்ட் ஓடல’ன்னு அடிச்சுட்டேன். மாணவர் எண் கேக்குது. உன் எண் எனக்கு மனப்பாடம், ஆனா போடல. அது நீ சொல்ல வேண்டியதுண்ணா. வெள்ளிக்கிழமையோட அந்த இடத்தை மூடிடுவாங்க, அப்புறம் எழுத முடியாது. நீ எழுது, தூக்கின அந்த நாலு பேரையும் எழுதச் சொல்லு.

லிஃப்ட் ஓடினா வருவேதானே? அதுக்கு மட்டுமாவது பதில் போடு.

உன் ஒரே ரசிகை,
வாலு