மூன்று நாடும் கேட்ட ரகசியம்

வாழவந்தி நாடு முகாம்,
கொல்லிமலை,
3-2-1938

அன்புள்ள ருக்குமணிக்கு,

குளிரைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறேன். நீ அனுப்பிய ஊறுகாயும் கம்பளியும் வந்து சேர்ந்தன. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்க வேண்டாம். இப்போது போர்த்திக்கொண்டால் பசிக்கிறது.

நான் இந்த மலைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டராக வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல் பிடித்த ஊருக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்று உன் அப்பா சொன்னதை நான் குறை சொல்லவில்லை. இதுவரை ஒரே ஒரு முறைதான் காய்ச்சலில் படுத்தேன். அதுவும் தீபாவளிக்கு ராசிபுரம் வந்திருந்தபோது.

இங்கே ஒரு விசேஷம். போன மாதம் சேலத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்று வந்தது. மேலே 'மிக ரகசியம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இன்னோர் உறை, அதன் மேலும் 'மிக ரகசியம்'. அதற்குள் ஒரே ஒரு காகிதம். மலை மக்களிடம் சில விவரங்கள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்றும், எதற்குக் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது என்றும் உத்தரவு.

இந்த மலையின் வழக்கம் உனக்குத் தெரியாது. நாடு என்று இங்கே சொல்வது சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை. சர்க்கார் காகிதம் எதுவானாலும் அந்த நாட்டுக் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி படித்தாக வேண்டும். படிக்காதவரை அந்தக் காகிதம் மலை ஏறவில்லை என்று அர்த்தம். இவர்களுடைய பாட்டன் காலத்தில் ஓர் அதிகாரி படித்துக் காட்டாமலே கைரேகை வாங்கிப் போனாராம். பிறகு விறகு பொறுக்கப் போனால் காடு சர்க்காருடையதாகியிருந்தது. அன்று முதல் இந்த ஏற்பாடு.

இந்த நாட்டுக்குத் தலைவரான நாட்டுக் கவுண்டர் சின்னமுத்து, உறை வந்த மறுநாளே வந்துவிட்டார்.

"ஏனுங்க, காயிதம் வந்துதாமா? எப்பப் படிக்கறீங்க?"

"இது ரகசியம், கவுண்டரே."

"இருக்கட்டுமுங்க. படிச்சாத்தானுங்களே அது ரகசியம்னு எங்களுக்கும் தெரியும்."

என்ன செய்வதென்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: 'ரகசியக் காகிதங்களைக் கையாளும் விதிகள் ரகசியமானவை. தங்கள் பதவியில் இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கில்லை. விதிப்படி நடந்துகொள்ளவும்.'

நடந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த விதி மலையின் விதி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வாழவந்தி நாடு, பெரக்கரை நாடு, எடப்புளி நாடு மூன்றும் கூடியிருந்தன. தமிழில் நிதானமாகப் படித்துச் சொன்னேன். யாரும் கொட்டாவி விடவில்லை. சர்க்கார் எழுத்துக்கு இது பெரிய மரியாதை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
மருதாசலம்


ராசிபுரம்,
மாசி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். இந்த வீட்டில் ஆண்கள் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். 'மிக ரகசியம்' என்று இரண்டு தடவை போட்டிருந்ததை ஊர் கூட்டிப் படித்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன் உங்களைச் சாது என்று சொன்னார்கள்.

அப்பா உங்களைச் சேலம் ஆபீசுக்கு மாற்றிக்கொண்டு வரப் பலரைப் பார்த்து வருகிறார். புது மந்திரிகள் வந்ததிலிருந்து அவருக்கு நடை வேகமாகிவிட்டது. அண்ணன் அருணாசலம் இன்னும் பழைய மந்திரிகள் பக்கம்தான். தேர்தலுக்கு முன் அப்பா, "சர்க்காருக்கு எதுக்கு ரகசியம்? கஜானா நம்முளுது, காயிதமும் நம்முளுது" என்பார். அண்ணன், "ரகசியம் இல்லாம ராஜ்யம் நடக்குமாப்பா?" என்பார். இப்போது சட்டசபையில் அவரவர் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பதால் இங்கே கொஞ்ச நாளாக அமைதி. இரண்டு பேருக்கும் புதுப் பாடம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருந்தது? மூன்று நாடு கேட்டதை உங்கள் மனைவி கேட்கக் கூடாதா?

இன்னொன்று. அப்பா என்னை அனுப்ப மாட்டார் என்று நீங்களே முடிவு கட்டி, அதை எனக்கே எழுதுகிறீர்கள். வா என்று இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

இப்படிக்கு,
ருக்குமணி


வாழவந்தி நாடு முகாம்,
20-2-1938

அன்புள்ள ருக்குமணிக்கு,

நீ கேட்டதைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். சர்க்காருக்குப் பயந்து அல்ல.

அன்று படித்து முடித்ததும் சின்னமுத்துக் கவுண்டர் எழுந்து, "ரகசியம்னு காயிதமே சொல்லுது. கேட்டது கேட்ட எடத்தோட" என்றார். மலைத் தெய்வம் பெரியண்ணசாமி பேரில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கூட்டத்தில் இருந்தவன் என்பதால் நானும் செய்தேன். மலையில் அடுப்பு எரிக்கிறவர்களுக்குச் சொல்லலாம். கீழே இருக்கிற யாருக்கும் சொல்லக் கூடாது. கடிதம் கீழே போகிற பொருள்.

"எங்க ஊட்டுல அவளுக்கு மட்டும் சொல்லலாமா?" என்று கவுண்டரைக் கேட்டுப் பார்த்தேன்.

"தாராளமாச் சொல்லலாமுங்க. அம்மணி இங்க வந்து ஒரு வேளை அடுப்பு மூட்டட்டும்."

பக்கத்து வீட்டு ஆத்தாயி அத்தோடு விடவில்லை. "ஏஞ்சாமி, ரகசியத்த மேல வெச்சுக்கிட்டு ஊட்டுக்காரியக் கீழ வெச்சிருக்கறீங்க? மாத்தி வெச்சிருந்தா வம்பே இல்லையே" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல் வைத்துக்கொள்.

கேட்ட விவரங்களையெல்லாம் சரியாகக் கொடுத்தார்கள். எதற்கென்று தெரிந்திருந்ததால் பொய் சொல்ல வேண்டிய இடம் எது என்று அவர்களுக்கு ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்தது, காகிதம் நாட்டுக் கூட்டத்தில் படிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை என்று சேலத்துக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.

வா என்று எழுதியதில்லை என்றாய். எழுதுகிறேன்: வா. மிளகுக் கொடி ஏறாத மரம் இங்கே இல்லை. வீடு சிறியது, புகை போகாது. வற்புறுத்தவில்லை.

உன்,
மருதாசலம்


ராசிபுரம்,
மாசி 28

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அமைதி போய்விட்டது. பத்திரிகையில் வந்திருக்கிறது.

சட்டசபையில் பழைய மந்திரிகளின் கட்சிக்காரர் ஒருவர், கொல்லிமலையில் ஓர் அதிகாரி மிக ரகசியமான காகிதத்தைப் பொதுக்கூட்டத்தில் படித்தது உண்மையா என்று கேட்டாராம். அப்படி ஒரு காகிதம் உண்டா என்று சொல்வது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றாராம் மந்திரி. அதைச் சபையின் மேஜை மேல் வைக்க வேண்டும் என்று இவர்கள் சத்தம் போட, இல்லாத காகிதத்தை வைக்க முடியாது, இருக்கும் காகிதத்தை வைக்கக் கூடாது என்று மந்திரி முடித்துவிட்டாராம்.

அப்பா அந்தப் பதிலை மூன்று தடவை உரக்கப் படித்தார். அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே கத்தினார்.

"சனங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா? காயிதம் யாரூட்டுதுங்கறேன்?"

"எல்லாத்தையும் தெருவுல கொட்டுனா ராஜ்யம் நடக்குமாடா?"

"போன வருசம் நீங்க சொன்னது மறந்து போச்சா?"

"போன வருசம் நீ சொன்னதத்தான்டா நான் இப்பச் சொல்றேன்!"

இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த அதிகாரியை வேலையை விட்டு ஓட்ட வேண்டும். காகிதத்தை வெளியே விட்டதற்காக என்றார் அப்பா. வெளியே விட்டதைச் சரியாக விடாததற்காக என்றார் அண்ணன். "மாப்பிள்ளை அங்கதான இருக்கறாரு, அந்தக் கிறுக்கன் யாருன்னு எழுதிக் கேளு கண்ணு" என்று அப்பா என்னிடம் சொன்னார். கேட்கிறேன் என்றேன். அன்று அவர் இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டேன்.

நீங்கள் வேடிக்கையாகவே எழுதுகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே வேலை போய்விடுமா? மறைக்காமல் எழுதுங்கள். இதையாவது சொல்லலாம் அல்லவா?

இப்படிக்கு,
ருக்குமணி


வாழவந்தி நாடு முகாம்,
19-3-1938

அன்புள்ள ருக்குமணிக்கு,

அந்தக் கிறுக்கன் நலமாக இருக்கிறான் என்று உன் அப்பாவுக்குச் சொல்.

மறைக்காமல் எழுதுகிறேன். வேலை போகலாம். சேலத்துக்கு நான் அனுப்பிய அறிக்கையின் மேல் 'ரகசியம்' என்று போட மறந்துவிட்டேன். ரகசியக் காகிதத்தைப் படித்தேன் என்று சாதாரணக் காகிதத்தில் எழுதி, சாதாரணத் தபாலில் போட்டவன் நான். அது எத்தனை மேஜைகளில் தங்கிப் போயிற்றோ.

விசாரணைக்கு ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். நல்ல மனிதர். ஏறி வந்த களைப்பு தீருவதற்குள் கூட்டத்தைக் கூட்டினார்.

"இன்ஸ்பெக்டர் உங்களிடம் என்ன படித்தார்?"

"அது ரகசியமுங்க" என்றார் சின்னமுத்துக் கவுண்டர்.

"நான் சர்க்கார் ஐயா! என்னிடம் சொல்லலாம்."

"அப்படீன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமுங்களே."

அதிகாரி என்னைப் பார்த்தார். பாவம், அந்தக் காகிதத்தைப் பார்க்க அவருக்கும் அனுமதி கிடையாது. பெரக்கரை நாட்டில் கேட்டார், எடப்புளி நாட்டில் கேட்டார். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்குகிற சாக்கில் ஒரு கிழவியைக் கேட்டார். அவள் மிளகு விலையை மட்டும் சொன்னாள், அதையும் கூட்டிச் சொன்னாள். கடைசியில் இப்படி எழுதிக்கொண்டு போனார்: 'ரகசியம் இங்கே மிக நன்றாகக் காக்கப்படுகிறது. ஆனால் காப்பவர்கள் அதற்கு அதிகாரம் பெற்றவர்கள் அல்லர்.'

எனக்குச் சேலம் வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நாளை இறங்குகிறேன். வீட்டுச் சாவி ஆத்தாயியிடம் இருக்கும். வேலை போனால் வேறு வேலை பார்ப்பேன். இந்த ஊரை விட்டு இறங்குவதுதான் சங்கடமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

உன்,
மருதாசலம்


சேலம்,
24-3-1938

அன்புள்ள ருக்குமணிக்கு,

வேலை போகவில்லை. இன்னும் போகலாம்.

எனக்கு எந்தக் காகிதமும் வரவில்லை, நான் எதையும் படிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் மந்திரி சொன்னது மெய்யாகிவிடும். எனக்கும் சேலம் ஆபீசிலேயே நாற்காலி, குழாய்த் தண்ணீர் வரும் வீடு. உன் அப்பா பல பேரைப் பார்த்தும் கிடைக்காத மாற்றல், தப்புச் செய்ததால் கிடைக்கிறது. போடாவிட்டால் வேலை நீக்கம்.

என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று நாட்டு ஜனங்களை வைத்துக்கொண்டு, படிக்கவே இல்லை என்று எப்படி எழுதுவேன்? மறுபடி எந்த முகத்தோடு அவர்களிடம் ஒரு காகிதம் கொண்டுபோவேன்? ஆனால் நீ இத்தனை நாள் காத்திருந்தது இந்தச் சேலம் வீட்டுக்காகத்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ எழுதுகிறபடி.

உன்,
மருதாசலம்


வாழவந்தி நாடு,
பங்குனி 14

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே ஊர் பெயரைத் தப்பாக எழுதவில்லை. நீங்கள் இறங்கிய இரண்டாம் நாள் நான் ஏறிவிட்டேன். சேலம் கடிதத்தை அப்பா ஆள் மூலம் மேலே அனுப்பியிருக்கிறார்; இந்தப் பதிலையும் அதே ஆள்தான் திங்கட்கிழமைக்குள் சேலம் கொண்டுவருவார். உறை பிரிந்திருந்தது. அதன் மேல் ரகசியம் என்று போடவில்லையே என்று அவர் கேட்டாராம்.

உங்களுக்கு வேலை போகும் என்றால், எதற்காகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்; அதற்கு நான் மலை ஏறியாக வேண்டும். அதனால் அந்த அதிகாரி நீங்கள்தான் என்று வீட்டில் சொன்னேன். அப்பா அந்தப் பத்திரிகையை எடுத்து மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு, காகிதமே இல்லை என்று மந்திரி சொல்லிவிட்ட பின் இல்லாத ஒன்றுக்காக மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்வது கட்சிக்குத் துரோகம் என்றார். அண்ணன், ஜனங்களுக்குத் தெரிய வைத்த முதல் அதிகாரி எங்கள் மாப்பிள்ளை என்று கடைத்தெருவில் சொல்லக் கிளம்பினார். அந்தச் சந்தடியில் என்னைத் தடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மிளகு வியாபாரிகளின் குடும்பத்தோடு நடந்தே வந்தேன். முழங்கால் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆத்தாயி சாவியைக் கொடுத்து, நான் அடுப்பு மூட்டுகிறவரை வாசலிலேயே நின்றாள். கண்ணில் நீர் வழிய மூட்டினேன். புகை போகாது என்று எழுதியிருந்தீர்கள், வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று எழுதவில்லை. சோறு பாதி வெந்தது. "போதும் சாமி, இனி நீ மலைக்காரிதான்" என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். இதற்கா சட்டசபையில் அத்தனை சத்தம்? அதில் பாதி எங்கள் வீட்டு வேலைக்காரிக்கே தெரியும். இதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

நேற்று நாட்டுக் கூட்டத்தில் உங்கள் சங்கடத்தைச் சொன்னேன். சின்னமுத்துக் கவுண்டர் யோசிக்கவே இல்லை. "படிக்கவே இல்லீன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க அம்மணி. கேட்டது கேட்ட எடத்தோடன்னு சத்தியம் பண்ணமே, அதுக்கு இதவிட நல்ல பூட்டு எங்க கெடைக்கும்? ரகசியத்தக் காப்பாத்தறதுல சர்க்காரும் இப்பத்தான் நம்ம கூடச் சேருது" என்றார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆகவே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். போட்ட கையோடு ஒன்று கேளுங்கள். காகிதம் வரவில்லை, எதுவும் படிக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் எதற்காக மாற்றல்? மாற்றினால் ஏன் மாற்றினார்கள் என்று சட்டசபையில் அடுத்த கேள்வி வரும். அவர்கள் உங்களை மலையிலேயே விட்டுவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் எனக்கு வேண்டாம். இங்கே வாசலிலேயே ஊற்று ஓடுகிறது.

அப்பாவும் அண்ணனும் வழி கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லையாம். அப்பா காரவள்ளிப் பக்கமாக ஏறுகிறார். அண்ணனுக்கு அந்த வழி ஆகாதாம், முள்ளுக்குறிச்சிப் பக்கமாக ஏறுகிறார். ஆளுக்கொரு அடுப்பு தனியாகத்தான் மூட்டுவார்களாம். நீங்கள் அவர்களுக்கு முன் வந்துவிடுங்கள், விறகு பிளக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ருக்குமணி