வெடித்த பெட்டியும் வெள்ளைக் கட்டிலும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு வைக்கவில்லை. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலி பழையபடிதான், எனக்குத் தும்மல் பழையபடிதான். மரத்தூள் மூக்கில் ஏறினால் தும்மாமல் என்ன செய்வது. முகமூடி போட்டுக்கொள் என்று நீ சொன்னாயே என்று வாங்கி மாட்டினேன், மூச்சு மேலே போய் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து, பென்சில் கோடு தெரியாமல் ரம்பம் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது, நல்ல பலகை ஒன்று பாழ். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். கடிதத்தையும் பாதியில் வைத்துவிடலாம்தான், ஆனால் வைத்த இடத்திலேயே அது கிடக்கும், எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உன் மாமா ஊர் திரும்பிவிட்டார். வேலை விஷயமாக வடக்கே உங்கள் பக்கம் வந்தவரை ஹோட்டலுக்கு விடாமல் வீட்டிலேயே தங்கவைத்து நன்றாகக் கவனித்தீர்களாம், ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது என்பதை நீ மறந்திருக்கக் கூடாது. டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மாதான் கேட்டேன், கம்பளி வைக்க நான் செய்து அனுப்பிய மரப்பெட்டியை ஹாலில் வைத்திருக்கிறார்களா படுக்கை அறையில் வைத்திருக்கிறார்களா என்று. அவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "அதுவாக்கா, அது மூடி வெடிச்சுப் போய் வெளியே கிடக்கு, மேல பூந்தொட்டி வெச்சிருக்காங்க" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டதாம். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் சூப்பரா இருக்கும்மா, வர்றவங்க எல்லாம் எங்க வாங்கினதுன்னு கேக்கறாங்க என்றாயே. அதை நம்பித் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேனடா. உன் அப்பாவுக்கும் தெரியுமாம். நீ அவரிடம் சொல்லி, அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று வாக்கு வாங்கிக்கொண்டாயாம். இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், உப்பு கம்மி என்று சொல்லத் தெரிந்தவர், இதைச் சொல்லவில்லை.

பெட்டி வெடித்தது எனக்குப் பெரிதில்லை. முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான், பிரித்துத் தைக்காத துணியே கிடையாது. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாமல் போன பிறகுதான் கார் நின்ற ஷெட்டில் பலகையை எடுத்தேன், அதுவும் தையல்காரி புத்தியோடுதான் எடுத்தேன். தையல் என்றால் இடைவெளி தெரியக் கூடாது, இறுக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். அதனால் பெட்டி மூடிக்கு மூன்று பலகையைப் பசை போட்டு ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து, அந்தச் சட்டத்துக்கும் பசை தடவி, போதாதென்று வரிசையாக ஸ்க்ரூவும் ஏற்றினேன். அசையவே விடவில்லை. பருத்தித் துணி சுருங்கும் என்று நனைத்துக் காயவைக்காமல் கத்தரியை வைக்காதவள், மரமும் அப்படித்தான் என்று யோசிக்கவே இல்லை. ஈரத்துக்குப் பலகை அகலத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் வீட்டில் ஹீட்டர் போட்டுக் காற்றைக் காயவைத்தபோது அது சுருங்கப் பார்த்திருக்கும், என் சட்டம் விட்டிருக்காது, பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஒரு சின்ன அலமாரி செய்து கொடுத்தேன். மழை ஆரம்பித்த வாரமே கீழே இறங்கி வந்து, "ஆன்ட்டி, உங்க டிராயரைத் திறக்க எங்க வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு இழுக்கறோம்" என்று சண்டைக்கு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன. போய்ப் பார்த்தேன், மெழுகுவர்த்தியை ஓரத்தில் தேய்த்துக் கொடுத்தேன், ஒரு வாரம் ஓடியது, மறுபடி வந்தாள். இழைப்புளி போட்டுச் சீவிக் கொடுத்தேன். வெயில் வந்ததும் மறுபடி வந்தாள், இப்போது டிராயர் லொடலொட என்று ஆடுகிறதாம், முன்பக்கம் இடைவெளி வேறு தெரிகிறதாம். அவள் விடாமல் வந்து கத்தியதால்தான், ஈரத்தில் இருக்கும்போது சீவக் கூடாது, காயும்வரை பொறுத்திருந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது. உன் வீட்டுக் குளியலறைக் கதவு பிடிக்கிறது என்று மருமகள் சொன்னாளே, அதையும் இப்போது சீவித் தொலைக்காதே, காய்ந்த மாதத்தில் பார்.

என் வயிறு எரிவது எதற்கென்று சொல்கிறேன், கேள். உன் பெட்டியைப் போலவே உன் அத்தைக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தேன், அதே பசை, அதே ஸ்க்ரூ. அது வெடித்தது. அவள் வந்து சொன்னாள், நான் நம்பவில்லை. என் மகன் வீட்டில் இருக்கிற பெட்டி கல்லு மாதிரி இருக்கு, உன் வீட்டில் மட்டும் வெடிக்குதா, வெயிலில் இழுத்துப் போட்டிருப்பே என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் போனவள் இந்த வாசலை மிதிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை, உன் அப்பா தன் கூடப்பிறந்தவளைத் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். உன் பெட்டியும் வெடித்தது என்று தெரிந்திருந்தும் அவரும் வாயைத் திறக்கவில்லை. மாமா வந்துபோன மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். மேஜையை எறியாமல் வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டு யாரால நிம்மதியா இருக்க முடியும் அண்ணி, அவனைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் கத்துகிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அம்மா கத்துவாள் என்று பெற்ற பிள்ளை இவ்வளவு பயப்படுமா. கத்திவிட்டு வேறு மூடி செய்து அனுப்பியிருப்பேனே, அவ்வளவுதானே. உனக்குப் பயம் இல்லை, சோம்பல். அம்மாவிடம் மல்லுக்கட்ட நேரம் இல்லை, நல்லா இருக்கும்மா என்றால் பேச்சு முடிந்தது.

குழந்தைக் கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு நாள் நெருங்குகிறது என்று இரவு பகல் பார்க்காமல் செய்தேன். இந்தத் தடவை தலைமாட்டுப் பலகைக்குப் பசையே போடவில்லை, சுற்றிலும் சட்டத்தில் பள்ளம் எடுத்து அதற்குள் சும்மா நிறுத்தியிருக்கிறேன், அது பாட்டுக்கு ஊதட்டும் சுருங்கட்டும். கால் ஒன்று தூக்கிக்கொண்டு ஆடியது, எந்தக் கால் என்று தெரியாமல் நாலையும் மாற்றி மாற்றி அறுத்துக் கட்டிலையே குட்டையாக்கும் ஆள் இல்லை நான், மட்டம் பார்த்துப் போட்ட கடப்பாக் கல் மேல் நிறுத்திப் பார்த்து நீண்ட காலை மட்டும் தேய்த்தேன். பிஞ்சு விரல் பட்டாலும் கீறாமல் இருக்க ஒவ்வொரு மரக் கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சீக்கிரம் அனுப்பும்மா, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம் என்றாய். உன் மாமாவிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அந்த அறையில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கட்டில் மெத்தை விரித்துத் தயாராக நிற்கிறதாம், மேலே பொம்மைகள்கூடத் தொங்குகிறதாம். அம்மா அனுப்பறது எப்படி இருக்குமோ, எதுக்கு ரிஸ்க் என்று நீதான் சொன்னாயாம். சரி. பெட்டி வெடித்ததைப் பார்த்தவன், உன் குழந்தைக்கு நீ பயப்படுவது நியாயம். அந்த நியாயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நானே வேண்டாம் என்றிருப்பேன்.

கட்டிலை மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இப்போது கைக்குழந்தை. அவளும் அவள் வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு படியேறும்போதே, ஆடினாலோ கீறினாலோ ராத்திரியானாலும் வந்து கதவைத் தட்டுவேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தட்டட்டும். அவள் தட்டாதவரை கட்டில் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மருமகளைக் கனமான எதையும் தூக்க விடாதே, சூடாகச் சாப்பிடச் சொல், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிரசவம் சுகமாக நடக்கட்டும், குழந்தை நல்ல ஆயுசோடு, வாய்விட்டுக் கேட்கிற பிள்ளையாக வளரட்டும். என் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. கட்டிலை மாடிக்குக் கொடுத்ததை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை, லாரி ஆபீஸ்காரர்கள் வந்து எடுத்துப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பேரக்குழந்தை அதில்தான் தூங்கப்போகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவர் பக்கத்தில் இருப்பார், ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கட்டில் வந்து சேர்ந்ததா என்று நான் கேட்பேன். ரொம்ப நன்றாக இருக்கிறது அம்மா என்று சொல்லிவிடு, உனக்கு வராததா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா