சாயப்பட்டறைக் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்ட வாரம்

திங்கள், ஆடி 7

விடிந்ததிலிருந்து காற்று. கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குள் போய் விழுந்தது. இன்னொன்றை நான் தாவிப் பிடித்தேன். இல்லையென்றால் ஒருத்தன் கழுத்து போயிருக்கும். யாரும் பார்க்கவில்லை. பரவாயில்லை.

இன்றைய வேலை: லேப் கம்ப்யூட்டருக்குப் பூட்டு.

காரணம் தங்கவேலு. மச்சானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பங்காளி. இரண்டு பேரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். போன மாதம் வரை இந்தச் சாயப்பட்டறையில் பாதிக்குப் பாதி. சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனான், போகிற போக்கில் வாட்ச்மேனின் முன்பல்லை உடைத்துவிட்டுப் போனான். இப்போது முதலிபாளையத்தில் தனிப் பட்டறை போடுகிறானாம். போடட்டும். ரெசிபிக்கு எங்கே போவான்? எந்த ஷேடுக்கு எந்தச் சாயம் எவ்வளவு, எத்தனை சூடு, அத்தனையும் மச்சானின் இந்தப் பெட்டிக்குள். ஆனால் சனிக்கிழமை யாரோ பிளாப்பி போட்டுப் பெட்டியைக் கிளப்பி நோண்டியிருக்கிறார்கள் என்று யூசுப் பாய் சொன்னார். யூ.பாய் எங்கள் கலர் மாஸ்டர். வாய் திறக்க மாட்டார், கண் மட்டும் கழுகு.

கோயமுத்தூர் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியருக்கு எஸ்டிடி போட்டு வழி கேட்டேன். அவர் சொன்னது பாதி, நானாகக் கண்டுபிடித்தது பாதி:

— ஸ்விட்ச் போட்டதும் டெலிட் பட்டனை விடாமல் தட்ட வேண்டும். தேளை அடிக்கிற மாதிரி.
— நீலத்திரை வரும். பெட்டியின் ஈரக்குலை அதுதான். விண்டோசுக்கே அப்பன்.
— பிளாப்பியில் கிளம்பக் கூடாது, ஹார்டு டிஸ்கில் மட்டும். மாற்றியாயிற்று.
— வைரஸ் வார்னிங், எனேபிள்.
— பாஸ்வேர்டு. நீலத்திரைக்குள் போக மட்டுமல்ல, பெட்டி எழுந்திருக்கும்போதே கேட்கிற மாதிரி.
— எஃப் 10. ஒய். எண்டர். முடிந்தது.

நீலத்திரையில் கை வைத்தால் வெடித்துவிடும் என்று லேபில் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஸ்டூலில் நான் ஒருவன்தான். எட்டாவதோடு நின்றவன், ஆனால் கை நடுங்கவில்லை.

என்ன வார்த்தை போடுவது என்று மச்சானைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வேற என்ன மாப்ள, எங்க குலசாமி பேரைப் போடு." செல்லாண்டியம்மன். எட்டு எழுத்துக்கு மேல் பெட்டி வாங்கவில்லை, அம்மன் பாதி உள்ளே பாதி வெளியே. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். எலுமிச்சம்பழத்தை ஒரே குத்தில் நசுக்கினேன், சாறு யூ.பாய் சட்டையில். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். கற்பூரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இனி பிரம்மாவே இறங்கி வந்தாலும் இந்த வார்த்தை இல்லாமல் திறக்க முடியாது என்று மச்சானிடம் சொன்னேன். முதுகில் தட்டினார். மதியம் அக்கா கையால் கோழி. ஈரல் எனக்கு.

செவ்வாய், ஆடி 8

ஆடிச் செவ்வாய். பட்டறை மொத்தமும் கோயிலுக்கு. வாட்ச்மேனும்தான். கூழ், முருங்கைக்கீரை, கருவாடு. நான் குடித்ததைப் பார்த்துக் கூழ் ஊற்றியவளே கும்பிட்டாள். தூக்கம்.

புதன், ஆடி 9

புழுதி. கண் திறக்க முடியவில்லை.

ஜெர்மன்காரன் ஆர்டர், சிவப்பு. துணி வெளுத்து, வின்ச் தொட்டியில் ஊறிக் கிடக்கிறது. வெள்ளி சாயங்காலத்துக்குள் சாயம் ஏற வேண்டும். தப்பினால் பட்டறையைச் சாத்த வேண்டியதுதான், மச்சான் வாயாலேயே சொன்னது. யூ.பாய் காலையில் பெட்டியைப் போட்டு அம்மன் பேரை அடித்தார். ஏற்கவில்லை. நான் அடித்தேன். ஏற்கவில்லை. மூன்றாவது தப்புக்குப் பெட்டி அப்படியே செத்து நின்றது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே கேள்வி, அதே சாவு.

கண்ணளவில் சிவப்பைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று யூ.பாய் கேட்டார். ஜெர்மன்காரன் மெஷின் வைத்து அளப்பான், மயிரளவு மாறினாலும் திருப்பி அனுப்புவான். மச்சான் வேண்டாம் என்றுவிட்டார்.

நானும் மச்சானும் டீக்கடைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. த.வே. (தங்கவேலுதான்) நடுப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சுற்றி நாலு ஆள். (எட்டு இருக்கும்.) ஒளிக்கவே இல்லை.

"எங்க குலசாமி பேரைப் போட்டு எனக்கே பூட்டுனா எப்படிங்க மாப்ள? வருசா வருசம் நானுந்தானுங்களே பொங்கல் வெக்கறேன்."

நேற்று நாங்கள் கூழுக்குப் போன நேரம் வந்திருக்கிறான். கேட் சாவி இன்னும் அவனிடம் ஒன்று இருக்கிறது. முதல் தடவையிலேயே திறந்துவிட்டதாம். திறந்து, நீலத்திரைக்குள் போய், வார்த்தையை மாற்றிவிட்டான். பட்டறை இடத்தில் பாதியை எழுதிக் கொடுத்தால் புது வார்த்தையைச் சொல்வானாம்.

மச்சான் எழுந்தார். டீ பாய்லரில் பிடித்து வைத்திருந்த கொதிதண்ணிச் சொம்பை எடுத்து வீசினார். அதற்கப்புறம் யார் யாரை அடித்தது என்று சொல்ல முடியாது. பெஞ்சு உடைந்தது. கண்ணாடி டம்ளர் ஒரு கூடை. ஸ்டூல் காலில் மாட்டி மச்சானின் காது கிழிந்து தொங்கியது. டீக்கடைக்காரர் அடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வடைத்தட்டைக் கேடயமாகப் பிடித்து மூன்று பேரைச் சாய்த்தேன். (ஐந்து.) இடுப்பில் ஒரு அடி. விழுந்தது போல் நடித்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒருத்தன் கணுக்காலைக் கடித்தேன். உப்பு.

மதியம் இன்ஜினியருக்கு எஸ்டிடி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

"பாஸ்வேர்டு மறந்ததா? அது ஒண்ணும் பெரிய விசயமில்லைங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்து எடுத்து உட்டர்றேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காம இருங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட பூட்டு பெரிய விஷயமில்லையாம். டை கட்டினால் இப்படித்தான் பேச்சு வரும்.

மச்சான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து, என்ன சொன்னான் என்றார். வெள்ளிக்கிழமை வருவான், வந்து பிரயோசனமில்லை, வார்த்தை தங்கவேலு வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்றேன்.

"அப்ப வாயிலிருந்தே வாங்கிக்கலாம்" என்றார்.

வியாழன், ஆடி 10

மேகம். மழை இல்லை. காற்று மட்டும்.

கம்பெனி வேனில் நான், மச்சான், பாய்லர் ஆட்கள் இரண்டு பேர். த.வே. மொபெட்டில் முதலிபாளையம் எஸ்டேட் ரோட்டில் தனியாக வந்தான். வேன் லேசாகத்தான் தட்டியது, ஆனால் மொபெட் பள்ளத்துக்குள் போய்விட்டது. தூக்கி உள்ளே போட்டோம். மடியில் உட்கார்ந்தது நான். என் எடைக்கு அவன் மூச்சே விட முடியாது.

பாய்லர் ரூம். விறகு அடுக்கி வைத்திருக்கும் மூலை. வெளியே வின்ச் ஓடுகிற சத்தம், எவ்வளவு கத்தினாலும் கேட்காது.

என் வேலை: அவன் சொல்கிற வார்த்தையை ஓடிப்போய்ப் பெட்டியில் அடித்துப் பார்ப்பது. ஓட்டத்தில் நான் எப்போதும் முதல் ஆள். முதலில் அவன் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை. அதையும் அடித்தேன், இருந்தாலும் இருக்கும் என்று. இல்லை. திரும்பி வந்து சொன்னேன். மச்சான் வேலம் விறகை எடுத்து முழங்காலில் போட்டார். அடுத்தது அவன் மகள் பேர். இல்லை. விறகு. அடுத்தது மச்சானின் பேர். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பெட்டி செத்தது. மறுபடி போட்டு, மறுபடி ஓட்டம். லேபுக்கும் பாய்லருக்கும் நடுவில் நான் நடந்த தூரத்தை நீட்டினால் அவினாசி வந்திருக்கும்.

ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அவன் முகம் வேறாக இருந்தது. கடைசியில் ஒரு கண் காணவில்லை, வீக்கத்துக்குள் போய்விட்டது.

யூ.பாய் வாசலில் வந்து நின்றார். இவ்வளவு நாளில் அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"முதலாளி, போதுமுங்க. மனுசனுங்க அது. ஆர்டர் போனாப் போகுதுங்க, நம்ம வேற பாத்துக்கலாம்."

"உங்களுக்குப் போனா வேற பட்டறை இருக்குது பாய். எனக்கு?"

மச்சான் கதவைச் சாத்தினார்.

அப்புறம் நீராவிக் குழாய். அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றாத இடம் ஒன்று உண்டு, வால்வுக்குப் பக்கத்தில். அவனுடைய வலது கையை அதில் வைக்கச் சொன்னார். பாய்லர் ஆட்கள் இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள். மணிக்கட்டைப் பிடித்தது நான். இந்தப் பிடியிலிருந்து யாராலும் உருவிக்கொண்டு போக முடியாது.

துணி தீய்ந்தால் ஒரு வாசம். இது அது இல்லை.

மூன்று தடவை வைத்தோம். த.வே. வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டாவது தடவைக்கு மேல் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நெஞ்சழுத்தம் எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்கு இருந்திருந்தால்... என்னைத் தவிர.

அவனை அங்கேயே வைத்துப் பூட்டச் சொன்னார் மச்சான். காவலுக்குப் பல் போன வாட்ச்மேன். நாளைக்குச் சொல்லிவிடுவான்.

சோறு இறங்கவில்லை. வெயில் சூடு.

வெள்ளி, ஆடி 11

இன்ஜினியர் பஸ்ஸில் வந்தான். சின்னப் பையன் மாதிரி மீசை. கைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். டீ கேட்டான். டீ வருவதற்குள் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டான். உள்ளே எட்டணா அகலத்துக்கு ஒரு பேட்டரி. நகத்தால் நெம்பி எடுத்து மேசை மேல் வைத்தான். உட்கார்ந்து டீ குடித்தான். திருப்பூர் டீ நன்றாக இருக்கிறது என்றான். குடித்து முடித்துவிட்டுப் பேட்டரியைத் திரும்ப உள்ளே வைத்தான். ஸ்விட்ச்.

பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. தேதியை மட்டும் தொலைத்திருந்தது. நீலத்திரைக்குள் போய்த் தேதி, ஹார்டு டிஸ்க் இரண்டையும் சரி செய்தான். சிவப்பு ரெசிபி அப்படியே இருந்தது. யூ.பாய் எழுதிக்கொண்டு வின்ச்சுக்குப் போனார்.

மச்சான் கேட்டார், எப்படி என்று.

"பாஸ்வேர்டை ஞாபகம் வெச்சுக்கறதே இந்தப் பேட்டரிதானுங்க. எடுத்தா மறந்துரும். புதன்கிழமையே அண்ணன்கிட்டச் சொன்னனே, பெரிய விசயமில்லைன்னு."

மச்சான் என் பக்கம் திரும்பினார். இன்ஜினியர் இருக்கும்போதே அறைந்தார். முதலாவது கன்னத்தில். இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை, ஸ்டூலோடு போய் விழுந்தேன். நான் திருப்பி அடித்திருந்தால் மச்சான் தாங்க மாட்டார். அக்காவுக்காக விட்டேன்.

பாய்லர் ரூமைத் திறந்தால் த.வே. எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. அதே வேனில் ஆஸ்பத்திரி. விரல்கள் நிற்காது என்றார் டாக்டர். மணிக்கட்டுக்கு மேலேயே எடுக்க வேண்டியிருக்கும், எலும்பு வரை வெந்துவிட்டது.

போலீசுக்குச் சொல்ல நான் கட்டியது:

— பழைய பங்குதாரர், சும்மா பார்க்க வந்தார்.
— தரையில் சோப்புத் தண்ணி.
— வழுக்கினார். பிடிமானத்துக்குக் குழாயைப் பிடித்தார்.
— முகத்துக் காயம்: விறகு அடுக்கு சரிந்தது.
— மொபெட்: அது வேறு நாள்.

நல்ல கதை. நானே நம்பினேன். ஆனால் தேவைப்படவில்லை. த.வே.க்கு நினைவு வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் அவனே சொல்லிவிட்டான், வழுக்கி விழுந்தேனுங்க, ஆரு மேலயும் புகார் இல்லீங்க என்று.

அதைக் கேட்டதும் மச்சான் வீட்டுக் கதவைப் பகலிலேயே தாழ் போட்டுவிட்டார். புகார் கொடுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன் என்கிறார்.

சிவப்பு நன்றாக ஏறியிருக்கிறது. யூ.பாய் லாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தீர்க்கச் சொன்னார்.

ஞாயிறு, ஆடி 13

காற்று அடங்கிவிட்டது. ஊரே காது அடைத்த மாதிரி.

மதியம் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்விட்டு வந்தாள். போக வேண்டாம் என்று மச்சான் சொல்லியும் போனாள். கையை எடுத்துவிட்டார்களாம். த.வே. பெண்டாட்டி அக்காவைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லையாம், தூக்குப் போசியை மட்டும் வாங்கிக் கீழே வைத்தாளாம்.

அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் அழுவலை சாமி. உங்க மச்சான் மேல கோவமில்லைங்கறான், அது பங்காளிச் சண்டை, அடிப்போம், கூடிக்குவோம்ங்கறான். கையைப் புடிச்சவன் பங்காளியில்லையாம். படுக்கையை உட்டு எந்திரிச்சா மொதல்ல அவன் ஊட்டுக்குத்தான் வருவானாம்."

நான் விசிறியை எடுத்தேன்.

"வியாழக்கெழமை நீ எங்க இருந்த?"

சோமனூரில் என்றேன். நூல் பார்க்கப் போயிருந்தேன். அங்கே நல்ல மழை. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணி. நனைந்துகொண்டே போய் ஒரு கடையில் பரோட்டா தின்றேன், எட்டு. கடைக்காரர் அசந்து போய்க் காசே வேண்டாமென்றுவிட்டார்.

அக்கா என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தாள். கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பரோட்டாக் கல் என்றேன்.