பேசாத வரை பறந்த புறா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலையும் தூக்கமுமாக ஒழுங்காக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். என் சுகத்தில் மட்டும் ஒரு கண் அளவுக்குக் குறை இருக்கிறது, அதை நடுவில் சொல்கிறேன், அவசரப்பட்டு அங்கே தாவிவிடாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பாதியிலேயே மடக்கிச் சண்டைக்கு வருவாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். எழுத்து ஏன் இப்படிப் பெரிது பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே, அதற்கும் காரணம் வரும்.

போன வாரம் முழுக்க நம் புறாச் சங்கத்தின் பந்தயம். ஆறு வீடு, ஆறு நாள், நாளுக்கு ஒரு வீட்டுப் புறா. காலை ஆறு மணிக்குப் பறக்கவிட வேண்டும், எது அதிக நேரம் கீழே இறங்காமல் பறக்கிறதோ அதற்குப் பரிசு. இறங்கினால் தன் கூண்டில்தான் இறங்க வேண்டும், வேறு எங்கே கால் வைத்தாலும் போச்சு. வேறொரு வீட்டு ஆள் நடுவராக நாள் முழுக்க மாடியில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவையாவது புறாவைத் தன் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் நடுவர் கண்ணில் படாவிட்டால் அந்தப் புறாவே கணக்கில் இல்லை, அதுவரை பறந்ததும் போச்சு. திங்கட்கிழமை உன் அப்பாவுடைய புறா. மூன்று மாதமாகப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்துத் தீனி போட்டார். அது இருபத்தைந்தே நிமிடத்தில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை வீசிக்கொண்டு மாடியில் இங்கும் அங்கும் ஓடியதைத் தெருவே நின்று பார்த்தது. காற்று சரியில்லை என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார், நீயும் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை உன் சித்தப்பாவின் முறை. பதினோரு வருஷமாகப் பறக்கவிடுகிறார், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்த வருஷம் ஒரு சாம்பல் நிறப் புறா வைத்திருக்கிறார், அது வேறு ரகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அங்கே நடுவராக என்னைப் போட்டார் சங்கத் தலைவர், அதுதான் நம் சலூன்காரர். மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவள், ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு வந்தவனுக்கு ஆறு என்று ஒரு நாளும் போட்டதில்லை என்பதால் மற்ற வருஷங்களிலும் என்னைக் கூப்பிடுவார்கள்தான். ஆனால் சொந்த மைத்துனர் வீட்டுக்கா என்று கேட்டேன். அதற்கு அந்த மனிதர் சலூனில் சவரக் கத்தியை நிறுத்தாமலே, நீங்களும் அந்த வீட்டம்மாவும் நாலு வருஷமா பேச்சுவார்த்தை இல்லையே, அப்புறம் எப்படிச் சலுகை காட்டுவீங்க என்றார். அப்பாவுக்கு ஒரு பக்கம்தான் ஷேவ் ஆகியிருந்தது, அதோடு எழுந்து வரவும் முடியவில்லை.

நீயும் ஒவ்வொரு தடவையும் கேட்பாய், சித்தியோடு என்னம்மா சண்டை என்று. நான் சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிடுவேன். இப்போது சொல்கிறேன். நீ கிளம்பிய அன்று வாசலில் வண்டி நிற்கும்போது, அத்தனை பேர் முன்னாலும், அவ்வளவு தூரம் போறவ எங்க திரும்பி வரப்போறா என்று சொன்னாள் உன் சித்தி. நீ பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாய், உன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. அன்றோடு நிறுத்தினேன்.

வியாழன் ஐந்தே முக்காலுக்கே நோட்டும் கைக்கடிகாரமுமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்குப் புறா மேலே போனது. நடுவருக்குச் சாப்பாடு அந்த வீட்டுப் பொறுப்பு, அதனால் சித்தி மாடிக்கு ஏறித்தானே ஆக வேண்டும். அவங்களுக்கு டீயில சர்க்கரை போடலாமான்னு கேளுங்க என்று சித்தப்பாவிடம் சொல்வாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நான், அரை ஸ்பூன் போதும்னு சொல்லுங்க என்று அவரிடமே சொல்வேன். பாவம், அந்த மனிதர் வானத்தைப் பார்ப்பாரா, எங்கள் இருவருக்கும் தபால்காரர் வேலை பார்ப்பாரா. புறாவோ எதையும் கண்டுகொள்ளாமல் பறந்துகொண்டே இருந்தது. அதுவரை முன்னால் இருந்தது செவ்வாய்க்கிழமை எட்டு மணி நேரம் பறந்த சலூன்காரர் புறா, மதியம் இரண்டு மணிக்கு அதைச் சமன் செய்துவிட்டது. இரண்டு பத்துக்கு ஒரு தடவை தாழ வந்தது, பார்த்து எழுதினேன். பிறகு மேகம் வந்து மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஏதோ அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று போன். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தபால்காரர் போய்விட்டார், நாங்கள் இரண்டு பேரும் மட்டும். மூன்று பத்துக்குள் நான் பார்த்தாக வேண்டும். மூன்று மணிக்குச் சித்தி விருட்டென்று எழுந்து, அக்கா, அதோ என்றாள். நாலு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணி டேங்குக்கு நேர் மேல, அக்கா, கொஞ்சம் இடது பக்கம் என்றாள். பின்னால் வந்து நின்று, என் மோவாயைப் பிடித்துக் குழந்தைக்குத் திருப்புவது போலத் திருப்பினாள். எனக்கு எங்கும் வெள்ளையாகப் பனி மூடியது போலத்தான் இருந்தது. பாப்பா, அதுதான் நான் சொல்ல வந்தது. மூன்று மாதமாக இடது கண் மங்கல், வலது கண்ணும் உயரத்தில் இருப்பதைச் சரியாகக் காட்டுவதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. புறா தாழ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்து நடுவராகவும் போய் உட்கார்ந்தேன் பார், அது என் திமிர்.

பேனா கையில் இருந்தது. பார்த்தேன் என்று எழுதினால் கேட்க ஆள் இல்லை, அவளே சாட்சி. சித்தப்பாவுக்குப் பரிசு, எங்கள் பகையும் அதிலேயே கரைந்துபோகும். ஆனால் கை வரவில்லை. மூன்று பத்து ஆனதும், நடுவர் பார்க்கவில்லை, கண் கோளாறு நடுவருடையது என்று எழுதினேன். அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் கண்ணையே பார்த்தாள். எத்தனை நாளா இப்படி என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில்தான். புறா சாயங்காலம் ஐந்து இருபதுக்குத் தன் கூண்டிலேயே வந்து இறங்கியது. பதினோரு மணி இருபது நிமிடம், நம் சங்கத்தில் யாருமே கேட்டிராத நேரம், ஆனால் கணக்கில் இல்லை. சித்தப்பா கையெல்லாம் கிரீஸோடு வந்து நோட்டைப் படித்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, அண்ணி, முதல்ல கண்ணைக் காட்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறாவுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சித்தி வாசலில் வந்து நின்று என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்து நான் கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டரம்மா பரவாயில்லையே என்று சொல்லும்போது, இவங்க கேட்டு வெச்சுச் சொல்றாங்க டாக்டர், அட்டையை மாத்துங்க என்று போட்டுக்கொடுத்துவிட்டாள் உன் சித்தி. இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் பத்தாம் தேதி இடது கண்ணுக்கு ஆபரேஷன், அரை மணி வேலைதானாம், அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நீ பதறி லீவு போடாதே. பத்து நாள் சித்தி என்னோடு இருந்து சொட்டு மருந்து போடுவாள், ஏற்கெனவே நேரப் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். நீயும் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கிற பழக்கத்தை விடு, இப்போது எனக்கு இதைச் சொல்ல உரிமை இருக்கிறது.

தவறு நடுவருடையது, புறாவுடையது அல்ல என்று சங்கம் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பறக்கவிடச் சொன்னது. இந்தத் தடவை சலூன்காரரே நடுவர். நான் சொந்தக்காரியாகப் போய்ச் சித்தியோடு மாடியின் மறு மூலையில் உட்கார்ந்தேன். நாலு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா முதல்ல என் தையல் மெஷின்கிட்டதான் வந்து உட்காருவா, அப்படிச் சொன்னா நீங்களாச்சும் பயந்து அவளை நிறுத்துவீங்கன்னு நினைச்சேன் அக்கா என்றாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம், அதே பயம் என் மனதிலும் இருந்ததுதான். அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவே. பிறகு இரண்டு பேரும் உன் சின்ன வயதுக் கதைகளில் இறங்கிவிட்டோம். நீ பாவாடையை மெஷினில் வைத்துத் தைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் அழுதாயே, அதைச் சொல்லும்போது சிரித்த சிரிப்பில், மடியில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்த தானிய டப்பாவைக் கலகலவென்று ஆட்டிவிட்டாள் சித்தி. அந்தச் சத்தம் என்றால் புறாவுக்குச் சாப்பாட்டு மணி. பறக்கவிட்டு ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நேராக வந்து அவள் கால் பக்கத்தில் இறங்கி, எங்கே சாப்பாடு என்று பார்த்தது.

சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு என்றார். சலூன்காரருக்குப் பரிசு, அவர் ரொம்பவும் துக்கம் காட்டினார், நம்புகிற மாதிரி இல்லை. ஆனால் சித்தப்பா என்னிடம் அந்த வியாழக்கிழமைத் தாளைக் கேட்டு வாங்கி, கூண்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். பதினோரு மணி இருபது நிமிடம், அதன் மேலே என் கண் கோளாறு, இரண்டும் என் கையெழுத்தில்.

இதை எழுதும்போது சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, வரி சாயுது அக்கா, வரி சாயுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு. பத்தாம் தேதி மறக்காமல் போன் செய், அப்பா பயந்துபோயிருப்பார், அவரிடம் முதலில் பேசு. வருஷக் கடைசியில் வரும்போது, போன தடவை மாதிரி வழியில் தோழி வீட்டில் மூன்று நாள் தங்கிவிடாதே, வேறு எங்கே கால் வைத்தாலும் நம் சங்கத்தில் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குள் என் கண்ணும் சரியாகிவிடும், தெருமுனையில் நீ திரும்பும்போதே பார்த்து நேரம் எழுதிவிடுவேன். இன்னொன்று, சித்தி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தத் தானிய டப்பாவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். அதை ஆட்டினால் உனக்கு அங்கே கேட்குமா என்கிறாள்.

உன் வரவை நோட்டில் எழுதக் காத்திருக்கும்,
அம்மா