இடப்பக்கச் சக்கரம்

பிப்ரவரி 2, 1988, செவ்வாய்

காலையிலிருந்து ஆலங்கட்டி. கொட்டகைத் தகரத்தில் ஒரே சத்தம். என் ஏரியல் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அழுக்கு ஏதும் இல்லை. ஓடாத வண்டியில் எப்படிச் சேரும்? பிறகு அதன் இடப்பக்கம் பொருத்திய சைடுகாரையும் துடைத்தேன். நாங்கள் அதைப் பெட்டி என்போம். இருக்கை கிடையாது, நிற்க ஒரு தகடு, பிடித்துக்கொள்ளக் கம்பிகள், அவ்வளவுதான். நோரிஸின் பூட்ஸ் பட்ட இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது.

பிப்ரவரி 7, ஞாயிறு

மோட்டார் சைக்கிள் கிளப் செயலாளர் பெரில் போன் செய்தாள்.

"க்ளெம், உயிரோடதான் இருக்கியா?"

"போன எடுத்தது யாருன்னு நினைச்சே?"

சிரித்தாள். பிறகு இழுத்தாள். "சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. நோரிஸ் இந்த வருஷம் லைல் ஃபாசெட்டோட பெட்டியில நிக்கிறான்."

"நல்லது" என்றேன்.

நல்லதா? முப்பது வருஷம் என் பெட்டியில் நின்றவன். பாறை ஏறும்போது பின்சக்கரத்துக்குப் பிடி வேண்டுமென்றால், நான் நினைப்பதற்கு முன்பே அவன் எடை பின்னால் போயிருக்கும். ஓட்டியது நான்தான். ஆனால் வண்டியை மலையேற்றியதில் பாதி அவன்.

ஜனவரி பிறந்ததும் அந்த வருஷப் போட்டிகளுக்கு இருவர் பெயரையும் கிளப்புக்கு அனுப்பிவிடுவேன். அவனைக் கேட்டதே இல்லை. முதல் போட்டியன்று காலையில் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்பான். என் மனைவி வின்னி அவனுக்கும் சேர்த்துப் பன்றிக்கறி சாண்ட்விச் கட்டித் தருவாள். வின்னி இறந்த பிறகு, போன ஜனவரியில் நான் பெயர் அனுப்பவில்லை. இந்த ஜனவரியிலும் அனுப்பவில்லை. அவன் வந்து ஏன்டா என்று கேட்பான் என்று நினைத்தேன்.

வரல. ஒரு தடவகூட வரல.

பிப்ரவரி 11, வியாழன்

ரொட்டி வாங்க ஏரியலை எடுத்துக்கொண்டு போனேன். காலிப் பெட்டியோடு போகிறவன் ஒரு மணல் மூட்டையாவது போட்டுக்கொள்வான். நேற்று ஓட்டக் கற்றவனுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

சிற்றாலயத் திருப்பத்தில் வழக்கமான வேகத்திலேயே இடப்பக்கம் திரும்பினேன். நோரிஸ் வெளியே சாய்ந்து பெட்டியை அழுத்திக்கொள்வான் என்று என் கைகள் நம்பிவிட்டன. பெட்டிச் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. வண்டி எதிர்ப்பக்கச் சுவரில் போய் இடித்தது. முன் மட்கார்டு நசுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் மென்றபடி என்னைப் பார்த்தன.

ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 12

முழங்கை வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. யார் இருக்கிறார்கள்?

மார்ச் 1, செவ்வாய்

வண்டியை விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தேன். லங்காஷயரிலிருந்து ஒருவர் பேசினார். ஈஸ்டருக்கு முந்தின நாள் வேனோடு வருகிறாராம். வரவேற்பறையில் நிறுத்திவைக்கப் போகிறாராம். சகதியே காணாத இடம். மட்கார்டைத் தட்டி நேராக்கினேன்.

மார்ச் 19, சனி

மறுபடி பெரில். நாளைய போட்டியில் ஓடைக் கட்டத்தில் நின்று புள்ளி போட வேண்டியவருக்குக் காய்ச்சல். "நீ போய் நின்னுக்கோயேன், க்ளெம். எப்படியும் வீட்டுல உக்காந்து சுவத்தத்தான் பாக்கப்போறே."

சரி என்றுவிட்டேன். லைல் பெயர் கொடுத்திருக்கிறானா என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

மார்ச் 20, ஞாயிறு

நாள் முழுக்கத் தூறல். ஓடையின் இடக்கரையில் மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, புள்ளி அட்டையும் பென்சிலுமாக நின்றேன். ஒரு தடவை கால் ஊன்றினால் தண்டப் புள்ளி ஒன்று, வண்டி நின்றுபோனால் ஐந்து. குறைந்த புள்ளிக்காரர்தான் ஜெயிப்பார். ஓட்டுகிறவன் காலென்றாலும் பெட்டிக்காரன் காலென்றாலும் கணக்கு ஒன்றுதான்.

மதியத்துக்குப் பிறகு லைல் வந்தான். முப்பது வயது இருக்கும், நல்ல பண்ணைக்காரத் தோள். பெட்டியில் நோரிஸ். என்னை அவன் பார்க்கவில்லை. எல்லா மழைக்கோட்டும் ஒன்றுபோலத்தானே.

பெரிய பாறைவரை ஒரு தண்டப் புள்ளியும் இல்லை. அதில் ஏறும்போது பெட்டி துள்ளியது. நோரிஸின் இடது பூட்ஸ் கல்லை ஒரு முறை தொட்டு உள்ளே போனது. கண் சிமிட்டும் நேரம். எதிர்க்கரையில் கூட்டம் கைதட்டியது. பெட்டி என் பக்கம் இருந்ததால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஒன்று என்று எழுதினேன்.

மேலே போய் வண்டி நின்றது. நோரிஸ் இறங்கி என் பக்கம் திரும்பி ஒரு விரலை உயர்த்தினான். முப்பது வருஷமும் அப்படித்தான். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவனே சொல்லிவிடுவான்.

"யோவ், யாருமே பாக்கலையே!" என்று கத்தினான் லைல்.

"நான் பாத்தேன்" என்றேன்.

நோரிஸுக்குக் குரல் தெரிந்துவிட்டது. உயர்த்திய விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த ஒரு புள்ளியில் லைல் கோப்பையை இழந்தான். எல்லாரும் கிளம்பிய பிறகு, நான் எல்லைக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நோரிஸ் பிளாஸ்க்கோடு இறங்கி வந்தான்.

"கண்ணு இன்னும் போகல போலிருக்கு உனக்கு."

"உன் காலும் மாறல."

தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

"ஏன்டா பேர் அனுப்பல?" என்றான்.

"நீ வந்து கேப்பேன்னு இருந்தேன்."

"வின்னி போன வீடு. நீயா கூப்பிடட்டும்னு நான் இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன், க்ளெம். ஹெல்மெட் ஆணியிலேயே தொங்கிச்சு." பிளாஸ்க்கை மூடினான். "இந்த சீசன் முடியறவரைக்கும் லைலுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மாத்தச் சொல்லாதே."

"சொல்லல."

"புதன்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

மார்ச் 23, புதன்

கொட்டகைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். இருட்டும்வரை. அவன் வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லையே.

மார்ச் 24, வியாழன்

மூன்று தடவை போனை எடுத்து வைத்தேன். நான்காவது தடவை எண்ணைச் சுழற்றினேன்.

"அடுத்த புதன் வர்றியா?"

"அடப்பாவி" என்றான். "இதக் கேக்க உனக்கு இவ்வளவு நாளா?"

மார்ச் 30, புதன்

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியதில் சாயங்காலம் நல்ல வெளிச்சம். மதியமே லங்காஷயர்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டார். நியாயம்தான்.

நோரிஸ் பழைய ஹெல்மெட்டோடு வந்தான். மட்கார்டைத் தடவிப் பார்த்தான், பெட்டியில் ஏறி நின்றான். ரொட்டி வாங்கப் புறப்பட்டோம்.

சிற்றாலயத் திருப்பத்தில் இடப்பக்கம் திரும்பினேன், வழக்கமான வேகத்தில். சக்கரம் தரையிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.